ஏழு நாள் தாள்

பெட்டியில் மிச்சம் இரண்டே தாள்.
ஒன்றின் விலை என் ஒரு வாரச் சம்பளம்.
"அவசியமானால் மட்டும்" என்று
அலமாரிக் கதவில் நிர்வாகம் ஒட்டிய சீட்டு
மழைக்காலத்தில் தானே உரிந்து விழும்.
நான் எடுத்து ஒட்டுவதில்லை.

வால்திவியாவில் ஜூலை.
பத்தொன்பது நாளாக விடாத மழை.
மேசைமேல் நெலிதா கார்காமோ,
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் அறுப்பவள்.
மயக்கம் ஏறுமுன் கேட்டாள்:
"கொங்ரியோ மீனின் குடலை
ஒரே இழுப்பில் எடுப்பேன், வழுக்கிக்கொண்டு வரும்.
என்னுடையது மட்டும் ஏன் இப்படி?"
நான் வாய் திறப்பதற்குள்
பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கிவிட்டாள்.
ஏழோடு நின்றாள்.

இருபத்தோரு வயதில் வெடித்த குடல்வால்.
நாற்பதில் முறுக்கிக்கொண்ட சிறுகுடல்.
இது மூன்றாவது திறப்பு.
பழைய தழும்பு முடியும் இடத்துக்கு மேலே
யாரும் தொடாத தோலில் நுழைந்தார் டாக்டர் இத்துரா.

உள்ளே
எல்லாம் எல்லாவற்றோடும் உறவு.
குடல் குடலோடு, குடல் சுவரோடு,
கருப்பை யாரோடு என்றே தெரியவில்லை.
உடம்புக்கு அளவு தெரியாது.
காயம் என்று காதில் விழுந்தால் போதும்,
நார் நாராக ஓடிவந்து
பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.
குறை சொல்லமாட்டேன்.
அன்று பிடிக்காமல் விட்டிருந்தால்
சீழ் பரவி இருபத்தொன்றிலேயே போயிருப்பாள்.
பிடித்தது சரி.
விடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டே முக்கால் மணி நேரம்
கத்தரியின் நுனி மட்டும் பேசியது.
இழுக்காதே, என்றார் பயிற்சி மருத்துவன் காஸ்பரிடம்.
இழுத்தால் சிராயும்,
சிராய்ந்தது மறுபடி ஒட்டும்.

என் வேலை ஈரம்.
வெதுவெதுப்பான உப்புநீரில் துணியை நனைத்து
குடலின்மேல் போர்த்துவேன், மாற்றுவேன்,
உலரவிடமாட்டேன்.
ஒரு சொட்டு இரத்தம் தேங்கினாலும் கழுவுவேன்.
அவளது முதல் திறப்பின் காலத்தில்
கையுறைக்குள் மாவு போட்டு வரும்;
அந்த மாவின் ஒவ்வொரு துகளும்
உள்ளே போனால் ஒரு பொட்டுக் கோந்து.

"தாள்," என்றார்.

இனி எல்லாம் தலைகீழ்.
இதுவரை ஈரம், இப்போது காய்ந்த கை வேண்டும்.
ஒட்டாமல் தடுக்கவே பிறந்தது,
ஈரவிரல் பட்டால் முதலில் ஒட்டுவதும் அதுதான்.
காஸ்பரின் சுண்டுவிரலில் ஒரு துளி இருந்தது.
யாரும் பார்க்கவில்லை.
தாள் சுருண்டு, நொறுங்கி,
அவன் கையோடு போனது
என் ஒரு வாரம்.

அறையில் எந்திரங்களின் மூச்சு மட்டும்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் அலமாரியைப் பார்க்கவில்லை.
இரண்டாவது உறையைக் கிழித்தேன்.

இம்முறை அவரே வைத்தார்,
தையல் விழப்போகும் கோட்டுக்கு நேர் கீழே,
தூங்கும் குழந்தைக்குப் போர்வை விடுவதுபோல
கைவிட்டார்.
ஏழு நாள் இருக்கும். கூழாகும். கரையும்.
ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று
நடுவில் நின்று சொல்ல ஒருவர்,
ஏழே நாள்.
அதற்குள் அவரவர் தோலை
அவரவர் வளர்த்துக்கொள்வார்கள்.
பெரும்பாலும்.

மறுநாள் காலை அவளை எழுப்பி நடக்கவைத்தேன்.
என் அம்மாவை, பாட்டியை, பிறக்காத பேரனைத்
திட்டிக்கொண்டே நடந்தாள்,
மருந்துக் கம்பத்தை உருட்டியபடி,
சன்னல்வரை. சன்னலிலிருந்து கதவுவரை.
"காற்று பிரிந்ததா?" என்று மூன்று நாள் கேட்டோம்.
மூன்றாம் நாள் இரவு
வார்டு முழுவதற்கும் பதில் சொன்னாள்.
பக்கத்துக் கட்டில் ஒர்த்தென்சியா கைதட்டினாள்.

இனி வராதா, என்று டாக்டரைக் கேட்டாள்.
குறையும், என்றார்.
வராது என்று சொல்ல எனக்கு வாய் வராது, என்றார்.

பெட்டி காலி.
விண்ணப்பத்தில் "இரண்டு பயன்பட்டன" என்று எழுதினேன்.
பொய்யில்லை;
ஒன்று காஸ்பருக்குப் பயன்பட்டது.

வீட்டுக்குப் போகும் நாளில்
அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று கேட்டாள்.
கையால் காட்டினேன்: இவ்வளவு அகலம், கண்ணாடிபோல.
"அட, இதுவா!
மீன்துண்டுகளை உறையப் போடும்போது
நடுவில் நாங்களும் பிளாஸ்டிக் வைப்போமே.
வைக்க மறந்தால் சுத்தியலால்தான் பிரிக்கணும்.
முப்பது வருஷமாக வைக்கிறேன்.
என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."